நெஞ்சு கரிக்குது என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

கல்லூரியில் சேர்வதற்கு முன் கணினியில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். பரீட்சை எதுவும் இல்லை, கேள்விகள் மட்டும்தான். ஒரு ஆங்கிலக் கட்டுரையைப் படித்தால் அதன் மையக்கருத்தை உங்களால் எடுத்துச் சொல்ல முடியுமா? நாலைந்து பக்கத்துக்கு உங்கள் தரப்பை வாதிட்டு எழுத முடியுமா? ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று வட்டங்கள்: நன்றாக முடியும், ஓரளவு முடியும், உதவி தேவைப்படும். நான் முதல் கேள்வி தொடங்கி கடைசிக் கேள்வி வரை ‘ஓரளவு’ என்பதையே அழுத்திக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்த மாமா “நல்லா படிப்பியா?” என்று கேட்டால் “ஏதோ படிக்கிறேன்” என்று சொல்லி வளர்ந்தவள் நான். “நல்லா படிப்பேன் மாமா” என்று ஒரு பெண் பிள்ளை எங்கள் தெருவில் சொல்லியிருந்தால் அவள் அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. நான் ‘ஓரளவு’ என்று சொன்னால் அது ‘நன்றாகவே’ என்பதன் மரியாதையான வடிவம். அது அந்தக் கணினிக்குத் தெரியவில்லை. கடைசியில் திரையில் வந்தது: இங்கிலீஷ் 1ஏ, சப்போர்ட்டுடன்.

அந்த ‘சப்போர்ட்டுடன்’ என்ற சொல் பல நாள் உறுத்தியது. எனக்கு வயது முப்பத்தெட்டு. திண்டுக்கல் பக்கம் பி.காம். முடித்து, ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலக் கடிதங்களை வரைந்து கொடுத்ததே நான்தான். கல்யாணமாகி கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டுக்கு வந்து, மகள் வளர்ந்து, இனி நமக்காக ஏதாவது படிக்கலாம் என்று நர்ஸிங் பக்கம் கண் வைத்தேன். அதற்கு முன்பாக உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் எல்லாம் முடிக்க வேண்டும். கூடவே இங்கிலீஷ் 1ஏ என்ற இந்த முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடமும். ஊரில் எழுதிய ஆங்கிலத் தாள்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். சரி, எழுதிவிட்டால் போகிறது என்று பார்த்தால், கூடவே சப்போர்ட். பள்ளியில் மாலை நாலரைக்கு மேல் ‘மெல்லக் கற்கும் மாணவர்கள்’ என்று சிலரை உட்கார வைப்பார்களே, அந்த பெஞ்சில் என்னை இழுத்து உட்கார வைத்த மாதிரி இருந்தது. கணவரிடம் சொன்னபோது “எக்ஸ்ட்ரா கிளாஸ்தானே, போயிட்டு வாயேன்” என்றார். ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகாதவர்கள் பேசுகிற பேச்சு அது.

வகுப்பு நடக்கிற விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 இலையுதிர் பருவம், பதினாறு வாரம். செவ்வாய்க்கிழமை நேரில் வகுப்பு. அது முடிந்த கையோடு அதே அறையில், அதே ஆசிரியையுடன், எங்களில் பாதிப் பேருக்கு மட்டும் சப்போர்ட் நேரம். மீதி வகுப்பு கேன்வாஸ் என்ற இணையதளத்தில். வியாழக்கிழமைக்குள் விவாதப் பலகையில் நம் பதிவைப் போட வேண்டும், ஞாயிறு இரவு 11:59க்குள் வேறு இரண்டு பேருக்குப் பதில் எழுத வேண்டும். இங்கே பாடத்தின் அளவை யூனிட் கணக்கில் சொல்வார்கள். கட்டுரைப் பாடத்துக்கு நாலு யூனிட், சப்போர்ட்டுக்கு ஒன்று. இங்கே வசிப்பவர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், ஆக 230 டாலர். பாதி வகுப்பு வீட்டிலிருந்தே என்றால் பாதி வேலை என்று நினைத்து வந்தவர்கள் மூன்றாவது வாரத்தில் காணாமல் போனார்கள். நேரில் ஆசிரியை வாயால் சொல்லிவிட்டுப் போகிற எல்லாவற்றையும் ஆன்லைனில் நாமே படித்து, நாமே நேரம் ஒதுக்கி, நாமே நம்மைத் திட்டிக்கொண்டு செய்ய வேண்டும். கிடங்கில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வரும் ஒரு பையன் இருந்தான். செவ்வாய் காலையில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாலும் நன்றாகப் பேசுவான். ஞாயிறு இரவுப் பதில்கள்தான் அவனைக் கவிழ்த்தன. இருபத்தாறு பேரில் தொடங்கி, டிசம்பரில் பதினைந்து பேர் மிஞ்சினோம்.

ஆன்லைன் பாதி எனக்கு மட்டும் வெல்லக்கட்டி. ஒரு பதிவை ஐந்து முறை எழுதித் திருத்தி, அகராதி பார்த்து, கமா சரிபார்த்துப் போடுவேன். அங்கே யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் உச்சரிப்பைக் கேட்கவில்லை. ஆசிரியையும் ‘மிகத் தெளிவான பதிவு’ என்று எழுதிவிடுவார். அப்புறம் எதற்கு எனக்கு சப்போர்ட் என்று ஒவ்வொரு வாரமும் அந்தக் கோபம் புதிதாகக் கிளம்பும். இப்போது யோசித்தால், என் குறை வெளியே தெரியாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது என்று படுகிறது.

யார் போட்ட பாதை

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். கோபம் வந்தால் நான் படிக்க ஆரம்பித்துவிடுவேன். முன்பெல்லாம் இங்கே நுழைவில் ஒரு பரீட்சை வைத்து, தேறாதவர்களைக் கீழே ஒரு படி, இரண்டு படி, மூன்று படி என்று இறக்கி உட்கார வைப்பார்களாம். எங்களுடையது இரண்டு வருடச் சமுதாயக் கல்லூரி, இங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். ஆனால் அந்தப் படிகளில் எடுக்கும் யூனிட்டுகளைப் பல்கலைக்கழகம் ஏற்காது. பணமும் வருடமும் போகும். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம்: படிக்கு நூற்றில் எழுபது பேர் தேறுகிறார்கள் என்றால், மூன்று படி ஏறி முடிப்பதற்குள் முப்பத்துநான்கு பேர்தான் மிஞ்சுவார்கள். யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை, படிக்கட்டே தள்ளிவிடும். 2007 வாக்கில் மேரிலாந்தில் பால்டிமோர் கவுண்டி சமுதாயக் கல்லூரியில் பீட்டர் ஆடம்ஸ் என்ற ஆசிரியர் வேறு மாதிரி செய்து பார்த்தார். கீழ்ப்படிக்காரர்களை நேராக முதலாண்டு வகுப்பிலேயே மற்றவர்களோடு சேர்த்து உட்கார வைத்து, வகுப்பு முடிந்ததும் அதே ஆசிரியர் அவர்களுக்கு மட்டும் கூடுதல் நேரம் எடுப்பது. 2017இல் ஆளுநர் ஜெர்ரி பிரௌன் கையெழுத்திட்ட ஏபி 705 என்ற சட்டம், மாணவர்கள் ஒரே வருடத்துக்குள் பல்கலைக்கழகம் ஏற்கும் ஆங்கிலப் பாடத்தை முடிக்க வழி செய்ய வேண்டும் என்று கலிஃபோர்னியா சமுதாயக் கல்லூரிகளுக்குச் சொன்னது. 2019 இலையுதிர் பருவத்தில் அது வகுப்பறைக்கு வந்தது. பரீட்சை போய் உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் அளவுகோலானது. என்னைப் போல் இந்த ஊர்ப் பள்ளி மதிப்பெண் இல்லாதவர்களுக்குத்தான் அந்த ‘ஓரளவு’ படிவம்.

இந்தச் சட்டத்தில் எல்லோருக்கும் உடன்பாடில்லை. நிதானமாக அடியிலிருந்து படிக்க விரும்புகிறவர்களுக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டார்கள் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என்னை வைத்துப் பார்க்கிறேன். அந்தப் பழைய படிக்கட்டு இருந்து, எந்தப் படியில் நிற்கிறாய் என்று என்னையே கேட்டிருந்தால், நான் கூச்சமே படாமல் கடைசிப் படியைக் காட்டியிருப்பேன். அங்கிருந்து ஏறி வந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

எம்.எல்.ஏ.வும் அப்பாவும்

முதல் வாரமே ஆசிரியை “எம்எல்ஏ ஃபார்மட்டில் எழுதுங்கள்” என்றார். எனக்கு வெள்ளை வேட்டியும் ஸ்கார்ப்பியோவும்தான் கண்ணில் வந்தது. இது மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன் என்ற சங்கம் வகுத்த விதி: எழுத்து பதினொன்றிலிருந்து பதிமூன்று புள்ளிக்குள், வரிக்கு வரி இரட்டை இடைவெளி, நாலு பக்கமும் ஒரு அங்குலம் ஓரம். ஒவ்வொரு பக்கத்திலும் வலது மேல் மூலையில் எழுதியவரின் கடைசிப் பெயரும் பக்க எண்ணும். கடைசிப் பெயர்! எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று கடைசிப் பெயர். பாஸ்போர்ட்டில் எனக்கு என் அப்பா பெயர், கணவருக்கு என் மாமனார் பெயர், மகளுக்கு என் கணவர் பெயர். ஆகவே நான் எழுதிய ஒவ்வொரு கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே என் அப்பா உட்கார்ந்திருந்தார். அஞ்சாம் கிளாஸோடு நிறுத்திவிட்டுப் பலசரக்குக் கடையில் உட்கார்ந்தவர். “ஊர்ல தலைப்பெழுத்தாத்தான் இருந்தேன். அங்க முழுசாவே போட்டுட்டாங்களா?” என்று போனில் சிரித்தார்.

பக்க அமைப்பு இரண்டு நாளில் பழகிவிட்டது. மேற்கோள் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த கட்டுரை என்ன? குறிப்புச் சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. நடுவில் இரண்டு இடத்தில் மேற்கோள். ‘என்பது ஆன்றோர் வாக்கு’, ‘என்றான் ஒரு கவிஞன்’. எந்த ஆன்றோர், எந்தக் கவிஞன், எந்தப் பக்கம் என்று ஒரு ஆசிரியரும் கேட்டதில்லை. மேற்கோள் சொன்னாயா, இரண்டு மதிப்பெண், அவ்வளவுதான். நோட்ஸில் இருப்பதை வரி மாறாமல் எழுதினால் மனப்பாட சக்தி என்று பாராட்டு வேறு. நான் இங்கே முதல் கட்டுரையில் பழக்க தோஷத்தில் ‘ஒரு பெரும் கவிஞர் கூறியதைப் போல’ என்று ஆரம்பித்தேன். ஆசிரியை ஓரத்தில் மூன்று கேள்வி எழுதியிருந்தார்: யார்? எங்கே? நீங்கள் அதை ஏற்கிறீர்களா? முதல் இரண்டுக்கு நூலகத்தில் விடை கிடைத்துவிடும். மூன்றாவதை நான் படித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஆசிரியையைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பகுதி நேர ஆசிரியை. ஒரே வாரத்தில் மூன்று கல்லூரிகளில் பாடம் எடுக்கிறார். இப்படி நெடுஞ்சாலையிலேயே காலம் தள்ளுகிறவர்களை இங்கே ‘ஃப்ரீவே ஃப்ளையர்’ என்கிறார்கள், நம் ஊர் கௌரவ விரிவுரையாளர் மாதிரி. அவருக்கென்று தனி அறை கிடையாது. மாணவர்களைத் தனியாகப் பார்ப்பதென்றால் சப்போர்ட் நேரத்தில், அந்த வகுப்பறையின் மூலையில்தான். உதவிக்கு ஒரு ட்யூட்டர் பையன், இருபது வயது இருக்கும். முந்தின வருடம் இதே வகுப்பில் உட்கார்ந்து எழுதியவன்.

நடுவர் தீர்ப்பு

இரண்டாவது கட்டுரை வாதக் கட்டுரை. தலைப்பை நாமே எடுக்கலாம். நர்ஸிங் நினைப்பில், மருத்துவமனையில் பெற்றோருக்குப் பிள்ளைகள் மொழிபெயர்க்கலாமா என்று எடுத்தேன். இங்கே குடியேறிய குடும்பங்களில் இது அன்றாடம் நடக்கிறது. ஒபாமா காலத்துச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த விதிகள், அவசரத்தைத் தவிர மற்ற நேரங்களில் மருத்துவமனைகள் சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராக வைத்துச் சமாளிக்கக் கூடாது என்று சொல்கின்றன. தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஏற்பாடு செய்ய வேண்டும். அதையெல்லாம் படித்து, நான்கு ஆதாரங்களைப் பக்க எண்ணோடு குறித்து, நன்மைகள் இரண்டு பத்தி, தீமைகள் இரண்டு பத்தி எழுதினேன். முடிவாக, இரு தரப்பிலும் நியாயம் இருப்பதால் சூழ்நிலைக்கேற்ப முடிவெடுப்பதே சிறந்தது என்று எழுதி முடித்தேன். பட்டிமன்ற நடுவர் கெட்டார். கைத்தட்டல் சத்தமே எனக்குக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை சப்போர்ட் நேரத்தில் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து ஒருவர் கட்டுரையை மற்றவர் படிக்க வேண்டும். என்னோடு ட்யூட்டர் பையனும் ஒரு ஆப்கன் பெண்மணியும். ஃப்ரீமான்டில் ஒரு பகுதிக்கு லிட்டில் காபூல் என்றே பெயர், அவ்வளவு ஆப்கன் குடும்பங்கள். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது அதிகம் இருக்கலாம். ஆங்கிலத்தில் என்னைவிடத் தடுமாறுவார், அதனால் நான் அவரிடம் கொஞ்சம் பெரிய மனுஷி மாதிரியே நடந்துகொண்டிருந்தேன். வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். ‘மொழிபெயர்ப்பதால் குழந்தைகளுக்குத் தன்னம்பிக்கை வளர்கிறது’ என்ற வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

“என் மகனுக்குப் பதினொரு வயது” என்றார். “டாக்டர் என்னைப் பற்றி ஏதோ சொன்னார். அவன் திரும்பி, அம்மா ஒன்றுமில்லை, சின்ன விஷயம், இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம் என்றான். இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள்தான் சொன்னான், டாக்டர் என்ன வார்த்தை சொன்னார் என்று.” விரலை எடுக்காமலே கேட்டார்: “என் பையன் உன் கட்டுரையில் எங்கே? நன்மையிலா, தீமையிலா?”

எனக்குப் பதில் வரவில்லை. (டெஸ்டில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, அதை அவரே கடைசியில் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரோ என்னவோ.) ட்யூட்டர் பையன் மெதுவாக, “நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டான். கட்டுரையின் முடிவைக் காட்டினேன். “இது கட்டுரை சொல்லுது. நீங்க என்ன நினைக்கிறீங்க? உங்க வீட்டில் இது நடந்ததே இல்லையா?”

நடந்திருக்கிறது. அந்தக் கோடையில்தான் நடந்தது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியாருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நெஞ்சு கரித்தது. முந்தின நாள் கல்யாண விருந்து. அர்ஜென்ட் கேர் என்ற உடனடி சிகிச்சை நிலையத்தின் வாசலில் மகளையும் அவரையும் இறக்கிவிட்டு நான் காரை நிறுத்த இடம் தேடிப் போனேன். நர்ஸ் என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறாள். மாமியார் “நெஞ்சு கரிக்குதும்மா” என்றிருக்கிறார். பன்னிரண்டு வயது மகள், தனக்குத் தெரிந்த தமிழையும் தெரிந்த ஆங்கிலத்தையும் வைத்துப் பாட்டிக்கு மார்பு எரிகிறது என்று சொல்லியிருக்கிறாள். நான் பத்து நிமிடம் கழித்து உள்ளே போனபோது மாமியாரைப் படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர் ஒட்டி, ஈசிஜி ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் சாமி பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் சுவரோடு ஒட்டி நின்று அழுதுகொண்டிருந்தாள், பாட்டிக்கு ஹார்ட் அட்டாக் என்று நினைத்து. நர்ஸ் செய்ததில் தப்பே இல்லை. மகள் சொன்னதிலும் தப்பென்று சொல்ல முடியாது. ஒரு இஞ்சி கஷாயத்தில் போயிருக்க வேண்டியது. அந்தக் கதையைச் சொந்தக்காரர்களிடம் பத்துத் தடவை சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் மகள் அழுத இடத்தை மட்டும் சொல்வதில்லை.

இதே விஷயத்தைப் பற்றி ஐந்து பக்கம் எழுதியபோது இது எனக்கு ஏன் ஞாபகமே வரவில்லை? ஞாபகம் வரவில்லை என்றுகூட இல்லை, உள்ளே விடவில்லை. வீட்டு விஷயம் கட்டுரைக்குள் வரக்கூடாது, ‘நான்’ என்று எழுதக்கூடாது, தீர்ப்புச் சொல்கிற இடத்தில் நம்மைப் போன்றவர்கள் உட்காரக் கூடாது. யாரும் இப்படி விதி போட்டு எனக்குச் சொன்னதில்லை. ஆனால் படிவத்தில் ‘ஓரளவு’ அழுத்திய அதே கைதான் ‘சூழ்நிலைக்கேற்ப’ என்று எழுதியிருக்கிறது. அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி பயம். தப்பாகச் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயம். விவாதப் பலகையில் ஐந்து முறை திருத்திப் போட்டபோது கமாக்களோடு சேர்த்து என்னையும் திருத்தி வெளியே எடுத்திருக்கிறேன். அங்கே யாரும் விரலை வைத்து “இது எங்கே?” என்று கேட்கவில்லை. இரண்டு பேர் பதில் எழுதினார்கள், இரண்டு பேரும் ‘அருமையான பதிவு’ என்றார்கள். ஞாயிறு இரவு 11:40க்கு வேறு என்ன எழுதுவார்கள்?

அந்த வாரம் கட்டுரையைக் கிழித்து முதலிலிருந்து எழுதினேன். பிள்ளைகளை அந்த வேலையில் நிறுத்தக் கூடாது, காத்திருக்க வேண்டியிருந்தாலும் போன் வழியாகவாவது ஒரு பெரியவர்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று முதல் பத்தியிலேயே சொன்னேன். சொல்லும்போது கை நடுங்கியது என்றால் மிகை, ஆனால் வியர்த்தது. நன்மைகள் இரண்டு பத்தியும் போய், அதில் ஒன்று மட்டும் எதிர்த்தரப்பாக, நான் பதில் சொல்ல வேண்டியதாகத் திரும்பி வந்தது. இலக்கணப் பிழை முன்னைவிட அதிகம். ஆசிரியை இரண்டு இடத்தில் வாக்கியம் உடைகிறது என்று குறித்துவிட்டு, கீழே ‘இப்போது கேட்கிறது’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

சப்போர்ட் எனக்குத் தேவைப்பட்டதா என்று இப்போது யாராவது கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கிறது. அங்கே எனக்குக் கிடைத்தது ஆங்கிலம் இல்லை. அதே ஒரு மணி நேரத்தில் முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தவர்களும் இருந்தார்கள், அவர்களுக்கு அது கிடைத்தது. இரவு ஷிஃப்ட் பையனுக்கு எதுவுமே கிடைக்கவில்லை, நவம்பரில் நின்றுவிட்டான். அவனுக்கு வேண்டியிருந்தது தூக்கம், அதற்கு யூனிட் கிடையாது. சாட்ஜிபிடியைப் பற்றியும் எழுத வேண்டுமோ என்று யோசித்தேன். அந்த வருடம் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள், நான் வேறு பேச வேண்டாம். இந்தப் பாடத்தின் பெயரும் எண்ணும்கூட 2025 முதல் மாறிவிட்டன. மாநிலம் முழுக்க ஒரே எண் என்று இங்கிலீஷ் சி1000 ஆகிவிட்டது.

டிசம்பரில் எல்லாக் கட்டுரைகளையும் திருத்தித் தொகுத்துக் கொடுக்க வேண்டும். கடைசி நாளுக்கு முந்தின இரவு சாப்பாட்டு மேசையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மகள் பால் டம்ளரோடு வந்து ஒரு தாளை எடுத்துப் படித்தாள். அப்புறம் உட்கார்ந்து படித்தாள்.

“அம்மா, நான் பெயின்னு சொல்லல. பர்னிங்னு சொன்னேன். நீ தப்பா எழுதியிருக்க.”

“சரி, மாத்திடறேன்.”

“அழுததை எழுதியிருக்க. என்னைக் கேட்டியா?”

கேட்கவில்லை. எடுத்துவிடட்டுமா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பள்ளியில் அவளும் அந்த எம்எல்ஏவைப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசித் தாளைத் திருப்பி, ஆதாரப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“இருக்கட்டும். ஆனா என் பேர் இதுல இல்லையே. யார் சொன்னான்னு போடணும்ல?”

மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கடைசிப் பெயர், காற்புள்ளி, முதல் பெயர், நேர்காணல், தேதி. என்ன தேதி போடுவது என்று கேட்டாள். இன்றைய தேதி போடு என்றேன். அகர வரிசைப்படி அவள் அப்பாவின் பெயர் பட்டியலில் முதலில் வந்து உட்கார்ந்தது. மேலே வலது மூலையில் என் அப்பா.